சுருள் ஆன்டெனா: எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருந்தும் தூரம் கிடைக்கவில்லை

கேள்வி:
433 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஈரப்பத உணரி ஒன்றை உருவாக்கி வருகிறேன். பலகை 4 × 3 செ.மீ.; அதன் ஓரத்தில் சுருள் ஆன்டெனாவைப் பற்றவைத்திருக்கிறேன். கேபிள் வழியே இணைத்து அளக்கும் நெட்வொர்க் அனலைசரில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திறன் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.3 என்றே காட்டியது. ஆயினும் கேபிளைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் அடைத்தால், எதிர்பார்த்த தூரத்தில் பாதிகூடக் கிடைப்பதில்லை. கெயின் கூடுதலான ஆன்டெனாவுக்கு மாறலாமா?

பதில் 1:
"கேபிளைக் கழற்றிவிட்டு" என்று தாங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. இவ்வகைச் சுருள், கால் அலைநீளக் கம்பியின் சுருக்கப்பட்ட வடிவம். அது பாதி ஆன்டெனாதான், மறுபாதி பலகையின் கிரவுண்ட் தளம் (தரையிணைப்பாக உள்ள செப்புப் பரப்பு). இந்த அதிர்வெண்ணில் அலைநீளம் சுமார் 69 செ.மீ., கால்பங்கு 17 செ.மீ.க்குச் சற்று மேல், 4 செ.மீ. பலகை அந்த மறுபாதியின் வேலையைச் செய்ய இயலாது. அளக்கும்போது கேபிளின் வெளியுறையில் மின்னோட்டம் பாய்ந்து அக்குறையை நிரப்பியிருக்கும். கேபிளைக் கையால் பற்றி நகர்த்துங்கள். அளவு மாறினால் ஐயமே வேண்டாம். பிறகு, வெளியுறை மின்னோட்டத்தைத் தடுக்க, இந்த அதிர்வெண்ணுக்கு ஏற்ற ஃபெரைட் மணிகளைப் பலகையை ஒட்டிக் கேபிளில் கோத்து, மின்கலத்தை உள்ளே வைத்துப் பெட்டியையும் மூடி அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் சுவர் அருகே இருந்தால் ஆன்டெனாவின் ஒத்ததிர்வு (அது இயல்பாக அதிரும் அதிர்வெண்) கீழே இறங்கும்.

பதில் 2:
எஸ்.டபிள்யூ.ஆரை மட்டும் நம்பக் கூடாது. 50 ஓம் மின்தடையை இணைத்தாலும் 1.0 காட்டும், ஆனால் அது எதையும் கதிர்வீசாது. 2 என்று இருந்தால்கூடத் திரும்பி வருவது சுமார் 11 சதவீதத் திறனே, அரை டெசிபெல் இழப்புதான். சிறிய சுருளில் வெப்பமாக வீணாகும் திறனை அந்த எண் காட்டாது.

பதில் 3:
கெயின் என்பது புதிதாகப் பிறக்கும் திறன் அன்று. மற்றத் திசைகளிலிருந்து எடுத்து ஒரு திசைக்குக் கொடுப்பது. எந்தப் பக்கம் பார்த்து மாட்டப்படும் என்று தெரியாத உணரிக்கு அது பொருந்தாது. நிலையாக நிற்கும் ஏற்பிக்கு வேண்டுமானால் கொடுக்கலாம். உணரி கிடைமட்டமாகவும் ஏற்பி செங்குத்தாகவும் இருந்தால், திறந்தவெளியில் 20 டெசிபெல் வரை இழக்க நேரிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
ஃபெரைட் கோத்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். 6 ஆகிவிட்டது. பலகையின் கிரவுண்டில் 17 செ.மீ. கம்பியைப் பற்றவைத்தேன், தூரம் கூடியது. பெட்டிக்குள் அதை வளைத்து வைக்கலாமா?

பதில் 1:
வளைக்கலாம், ஆனால் சுருளுக்கு இணையாக, அதை ஒட்டிக் கொண்டுசெல்லாதீர்கள். எதிரெதிர் மின்னோட்டங்கள் பக்கத்தில் ஓடினால் கதிர்வீச்சு ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும். சுருளுக்கு எதிர்த்திசையில் தொடங்கி, பிறகு சுவரோரமாகத் திருப்புங்கள்.