செவ்வாய்க்கிழமைக்குள் சேர வேண்டிய உறை

குழு: மதுரை வீடு, கலிபோர்னியா
ஞாயிறு, 3 மார்ச் 2024

பெரியப்பா: வாக்குச்சீட்டு உறைகளைச் செவ்வாய் இரவு 8 மணிக்குள் பெட்டியில் போட்டாக வேண்டும். என்னுடையதில் பிராப்பசிஷன் 1 (மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் முன்மொழிவு) மட்டும் நிரப்பப்படாமல் இருக்கிறது. மனநலச் சிகிச்சை இடங்களுக்கும் வீடற்றோர் குடியிருப்புக்கும் மாநிலம் 638 கோடி டாலர் பத்திரக் கடன் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மாமா: மச்சான், எனக்குக் கடனில் உடன்பாடில்லை.

அத்தை: எனக்கு உடன்பாடு உண்டு.

அகிலா அக்கா: அப்பா, இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருகின்றன. ஒன்று பத்திரக் கடன்: ஏறத்தாழ 440 கோடி டாலர் சிகிச்சை மையங்களுக்கும், 200 கோடி டாலர் வீடுகளுக்கும் போகும், வீட்டுப் பணத்தில் பாதிக்கு மேல் முன்னாள் படைவீரர்களுக்கு உரியது. மற்றொன்று, 2004இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த வரி. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 1 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் போன்றவை) தம் பங்கில் 30 சதவீதத்தை இனி வீட்டு வசதிக்கே செலவிட வேண்டும் என்று விதி மாறுகிறது. வரித்தொகை கூடப் போவதில்லை. ஆகவே இப்போது வேறு பணிகளுக்குப் போகும் பணம் குறையும். நெருக்கடி வருவதற்கு முன்பே ஒருவரைத் தேடிச் சென்று பேசும் பணி அதில் அடிபடுமோ என்ற கவலை என்னுடன் வேலை செய்பவர்களிடம் இருக்கிறது.

மாமா: நீயே கவலைப்படுகிறாய் அல்லவா?

அகிலா அக்கா: கவலைப்படுகிறேன் மாமா, அதோடு ஆதரிக்கவும் நினைக்கிறேன்.

மாமா: ஆண்டுக்கு சுமார் 31 கோடி டாலர் வீதம் 30 ஆண்டுகள் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சட்டமன்றப் பகுப்பாய்வு அலுவலகமே கணக்கிட்டிருக்கிறது. கிடைக்கப்போவது அதிகபட்சம் 4,350 வீடுகள். மாநிலத்தில் வீடற்றோர் 1,80,000 பேருக்கு மேல். அகிலா, இந்தக் கணக்குக்கு நீ பதில் சொல்ல வேண்டும்.

அகிலா அக்கா: ஒரே நேரத்தில் 6,800 பேர் சிகிச்சை பெறும் இடங்களையும் அதே கணக்கு சொல்கிறது. மருத்துவமனையிலிருந்து வெளியே வருபவருக்கு அடுத்த படுக்கை எங்கே என்று தெரியாமல் நான் தொலைபேசியுடன் உட்கார்ந்திருக்கும் நாட்கள் உண்டு.

பெரியப்பா: சாண்டா கிளாராவில் இன்று ஆரக்கிள் வளாகம் இருக்கும் இடத்தில்தான் முன்பு அக்னியூஸ் மனநல மருத்துவமனை இருந்தது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் காலவரையின்றி அடைத்து வைப்பதைத் தடுக்க 1967இல் சட்டம் வந்தது. அது நியாயமான சட்டம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் மாநில மருத்துவமனைகள் காலியான வேகத்தில் ஊருக்குள் மாற்று இடங்கள் கட்டப்படவில்லை. கட்டாமல் விட்டதைத்தான் இப்போது கடன் வாங்கிக் கட்டப் பார்க்கிறார்கள்.

அகிலா அக்கா: அப்பா, இந்தப் பணத்தில், நோயாளி தாமாக வெளியேற முடியாத பூட்டிய மையங்களும் கட்டலாம் என்று கடைசி நேரத்தில் சட்ட வாசகத்தை மாற்றினார்கள். அதை நோயாளிகள் உரிமைக்காகப் போராடுபவர்கள் எதிர்க்கிறார்கள், எனக்கும் அது உறுத்துகிறது.



அத்தை: அண்ணா, பாலு அண்ணனை மறந்துவிட்டுப் பேச என்னால் முடியவில்லை. மருத்துவமனையில் இருந்த மூன்று மாதத்தில் அவர் தெளிவாகப் பேசினார், என் திருமணப் பத்திரிகையைக்கூடப் படித்துப் பிழை திருத்தினார். திரும்பி வந்ததும் பின்கட்டு அறைதான் கிடைத்தது. மாத்திரை எடுத்துக் கொடுக்க அம்மா ஒருத்திதான் இருந்தாள். அவள் படுத்த வாரத்தில் அவர் வீட்டை விட்டுப் போனார். மருந்தும் இருப்பிடமும் ஒன்றாகக் கிடைக்காவிட்டால் இரண்டுமே வீண் என்று அன்றே எனக்குப் புரிந்தது.

பெரியப்பா: நான் மாதம் தவறாமல் பணம் அனுப்பினேன்.

அத்தை: அதை நான் குறை சொல்லவில்லை அண்ணா. வந்து பார்க்க ஆள் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

மாமா: பாலுவைப் பற்றி எனக்கும் வருத்தம் உண்டு. அதனால் கடன் கணக்கு மாறிவிடாது.

அகிலா அக்கா: அப்பா, நாளை வேலை முடிந்து நேராக அங்கே வருகிறேன். அதுவரை உறையை ஒட்டாதீர்கள்.

பெரியப்பா: ஒட்டவில்லை அம்மா.

அத்தை: என்னுடையதை நான் ஆதரித்து நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பெட்டிக்கு யார் கார் எடுக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.