சன்ஷேடு அடியில் ஊர்ந்து வரும் மழைத்தண்ணீர்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு, தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கிழக்குச் சுவர் முழுக்க ஓதம் ஏறி, ஜன்னலுக்கு மேலே பூச்சு பொலபொலவென்று உதிர்கிறது. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கவில்லை, குழாயில் அடைப்பும் இல்லை. மழையில் நின்று கவனித்தபோதுதான் புரிந்தது: சன்ஷேடு நுனியில் சொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டாமல், அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே உள்ளே ஊர்ந்து வந்து சுவரில் இறங்குகிறது. அடியில் ஓரத்தை ஒட்டி ஒரு காடி (நீளவாக்கில் சின்னப் பள்ளம்) இருந்தால் தண்ணீர் அங்கேயே அறுந்து விழுந்துவிடும், எங்கள் வீட்டில் அது இல்லை. மேல்பக்க வாட்டமும் (சரிவும்) சுவரைப் பார்த்தே இருக்கிறது.

வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் மேஸ்திரி. எனக்கு மனசு ஒப்பவில்லை. தண்ணீர் போகிற வழியை மாற்றாமல் மேலே பூசினால் ஒரு மழை தாங்கும், அப்புறம்? சரி, காடி வெட்டலாம் என்றால், கடற்காற்றில் ஏற்கெனவே ஒரு இடத்தில் கம்பி துருவேறிப் பருத்து கான்கிரீட் விண்டிருக்கிறது. மெஷின் வைத்து வெட்டினால் மிச்சக் கம்பியும் வெளியே வந்துவிடுமோ என்று பயம். கீழே பிள்ளைகள் விளையாடுகிற சந்து வேறு.

வெட்டாமல், ஓரத்தில் அலுமினிய ஆங்கிளோ பிவிசி பட்டையோ பொருத்தியவர்கள் இருக்கிறீர்களா? உப்புக்காற்றில் நிற்கிறதா? வாட்டத்தைத் திருப்ப மேலே கலவை போட்டால் பழைய சன்ஷேடு பாரம் தாங்குமா? ராயபுரம், காசிமேடு பக்கம் இந்த வேலை தெரிந்த கொத்தனார் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.