இன்ஸ்டலேஷன் ஆர்ட்: நிறுவற்கலை பொருந்துமா?

பாளையங்கோட்டையிலிருந்து:

வணக்கம். மாணவர்களுக்கான ஓவியக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் கிறிஸ்டியன் போல்டான்ஸ்கி பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறேன், பிரெஞ்சுக் கலைஞர், 2021-ல் காலமானார். ஜப்பானின் தேஷிமா தீவில் 2010-ல் திறந்த அவருடைய கூடத்தில், பதிவு செய்து வைத்த இதயத்துடிப்புகள் இருட்டறையில் ஒலிக்க, அந்தத் துடிப்புக்கு ஏற்ப ஒரு பல்பு மின்னி மின்னி அணையும். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 2014-ல் நூற்றுக்கணக்கான சின்ன மணிகளை, தான் பிறந்த இரவில் விண்மீன்கள் இருந்த வரிசையில், கம்பிகளில் கட்டி நட்டார். காற்று அடித்து அடித்து அவை அங்கேயே அழியட்டும் என்று விட்டுவிட்டார். இப்படி ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் இன்ஸ்டலேஷன் ஆர்ட்டை நிறுவற்கலை என்று எழுதக் கை வரவில்லை. நிறுவினால் நிற்க வேண்டாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து:

டீச்சர், நல்ல கேள்வி. நில், நிலை, நிறு, நிறுத்து, நிறுவு எல்லாம் ஒரே குடும்பம். நிலம்கூட அதில்தான் சேரும் என்பது என் எண்ணம், நிறையையும் சேர்க்கலாம், அதைத் தனியாக எழுதுகிறேன். வள்ளுவர் 34-ஆம் அதிகாரத்துக்கு நிலையாமை என்றே பெயர் வைத்திருக்கும்போது நமக்கு என்ன குறை? நிலையாக்கலை என்று போடுங்கள். நிலையாத கலை என்பதில் கடைசி எழுத்து கெட்டது, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் சுத்தம்.

பாளையங்கோட்டையிலிருந்து:

ஐயா, பிள்ளைகள் அதை நிலை ஆக்கல் என்று பிரித்துப் படிப்பார்கள். பொருள் நேர் எதிராகிவிடும். அதோடு எல்லா இன்ஸ்டலேஷனும் அழியக்கூடியது இல்லை, பல வருடம் நிற்பதும் உண்டு.

தென்காசியிலிருந்து:

அண்ணாச்சி, நான் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு லைட் செட், சவுண்ட் செட் போடுகிறவன். எங்களுக்கு இது புதுசு இல்லை. கார்த்திகைக்குப் பனந்தடியை நட்டு ஓலை சுற்றிச் சொக்கப்பனை கட்டுகிறோம், கொளுத்தியதும் சடசடவென்று எரிந்து கொஞ்ச நேரத்தில் சாம்பல். ஒளி, ஒலி, அழிவு மூன்றும் அதில் இருக்கிறது. இடத்தையே மாற்றிக் காட்டுகிற வேலைக்கு எங்கள் வாயில் வருகிற சொல் ஜோடனை. சோடனைக்கலை என்றால் என்ன?

அம்பாசமுத்திரத்திலிருந்து:

தம்பி, ஜோடனை தமிழா என்று முதலில் பார்க்க வேண்டும். ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடமொழி எழுத்தை நீக்கி, என்ற தொல்காப்பிய விதிப்படி சோடனை ஆக்கினீர்கள், சரி, அதை விட்டுவிடுகிறேன். பொருள்தான் இடிக்கிறது. சப்பரத்துக்குச் சோடனை செய்தால் உள்ளே சாமி இருக்கிறது. போல்டான்ஸ்கியின் அறையில் அந்த பல்பும் துடிப்பும்தான் சாமி, அவற்றை எடுத்துவிட்டால் வெற்று அறை. எதற்குச் சோடனை?

பாளையங்கோட்டையிலிருந்து:

இடவமைவு என்று ஒன்று யோசித்தேன், வீட்டு மனை விளம்பரம் மாதிரி ஒலிக்கிறது. அச்சகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நிறுவற்கலை என்றே போட்டு, இன்ஸ்டலேஷன் என்பதை முதல் தடவை பக்கத்தில் எழுதிவிடுகிறேன். இந்தக் கேள்விக்கு எனக்குத் தனியாகப் பதில் எழுதியவர்களில் பெரும்பாலோரும் இதையே சொல்கிறார்கள்.

தென்காசியிலிருந்து:

போடுங்கள் டீச்சர், நேரம் இல்லை. ஆனால் பாலைவனத்தில் மணி கட்டியவரை நிறுவினார் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். அடுத்த பதிப்புக்கு முன்னால் சோடனையை மறுபடி எடுப்பேன். அண்ணாச்சி கேட்ட சாமி கேள்விக்கும் அப்போது பதில் சொல்கிறேன்.