விடியற்காலையில் பார்த்த மரத்தவளை: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

ஈரக்கால்

இரண்டு வருஷமாக மனசில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். வால்பாறை, ஜூன் கடைசி, காலை ஐந்தே முக்கால். இரவெல்லாம் கத்திய குளத்தோரம் அடங்கிவிட்டது. காப்பிச் செடி இலை ஒன்றில் பச்சையாக ஒரு மரத்தவளை. கைகால்களை வயிற்றுக்கடியில் மடக்கி, கண்ணைப் பாதி மூடி, இலையோடு இலையாக ஒட்டிக் கிடந்தது. உங்களுக்கே தெரியும், அந்த நேரத்தில் நமக்கு வேண்டிய அடையாளம் அத்தனையையும் அது ஒளித்து வைத்திருக்கும். தொடை, விரலிடை, விலா எதுவும் தெரியாது.

பத்து நிமிஷம் அசையாமல் நின்றேன். திடீரென்று ஒரு பின்னங்காலை மெல்ல, மிக மெல்ல நீட்டியது. விரல்களுக்கு நடுவே சவ்வு விசிறிபோல விரிந்தது. ஒரு கணம்தான். மறுபடி இழுத்துக்கொண்டது. கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, கை போகவில்லை.

அந்தச் சவ்வு சிவப்பா, மஞ்சள் கலந்த ஆரஞ்சா? அன்றைக்குக் கேட்டிருந்தால் சிவப்பென்று சத்தியம் செய்திருப்பேன். இன்றைக்கு முடியவில்லை, என் டார்ச் வெளிச்சமே மஞ்சள். சிவப்பென்றால் மலபார் பறக்கும் தவளை. இல்லையென்றால் ஆனைமலையிலிருந்து 2000ல் விவரிக்கப்பட்ட அதன் பங்காளி, ராக்கோஃபோரஸ் சூடோமலபாரிகஸ். எதைப் பார்த்தேன் நான்?

தூறல்

சவ்வின் நிறத்தையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். நீங்கள் சொல்லும் பங்காளிக்கும் சவ்வு வெளிர்சிவப்பு வரை போகும். முதுகைப் பார்த்தீர்களா, அதைச் சொல்லுங்கள். அதன் குஞ்சுகளுக்கு எலுமிச்சைப் பச்சையில் கருந்திட்டுகள் இருக்கும், வளர வளர அவை மெல்லிய கோடுகளாகிவிடும். மலபார் தவளையின் பச்சையில் அந்த மாதிரிக் கோடுகள் கிடையாது.

எனக்கு நடந்தது வயநாட்டில். பழைய சிமெண்டுத் தொட்டி, மேலே சாய்ந்த கிளையில் இலைகளைச் சேர்த்து ஒட்டிய முட்டை நுரை. முந்தின வாரமே பார்த்து வைத்திருந்தேன். விடிகிற நேரம் தொட்டியில் பொட்டுப் பொட்டென்று சத்தம். ராத்திரி மழையின் மிச்சம் சொட்டுகிறது என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால், விழுந்த சொட்டு வாலை ஆட்டி நீந்திப் போகிறது! அடுத்தது விழுந்தது, அதுவும் நீந்தியது. நுரை கரைந்து, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. கூட வந்த யாரையும் எழுப்பக்கூடத் தோன்றவில்லை. தாய்த்தவளையைத் தேடினால் மேலே இலையில் ஒன்று இருந்தது, அதுதான் தாயா என்று எப்படிச் சொல்வது? விரல்நுனியில் ஒட்டிப் பிடிக்கிற வட்டு இருந்தது, மரத்தவளை என்று முடிவு செய்துகொண்டேன்.

கூக்கல்

தூறல், வட்டு இருந்தாலே மரத்தவளை என்று யார் சொன்னது? பொன்முதுகுத் தவளைக்கும் விரல்நுனி அகன்றுதான் இருக்கும், அது வேறு குடும்பம். நீலகிரியில் மரப்பொந்தில் இருக்கும் உப்பெரோடான் தவளைக்கும் விரல்நுனி அகலம்தான். வட்டைப் பார்த்து முடிவு கட்டித்தான் நானும் முதல் மூன்று வருஷக் குறிப்பைக் குப்பையாக்கினேன்.

குன்னூர்ப் பக்கம், புதர்த்தவளை. இரவு தொடங்கிய 'டிக் டிக் டிக்' ஒவ்வொன்றாக ஓய்ந்து கடைசியாக ஒன்றே ஒன்று கத்திக்கொண்டிருந்தது. சத்தம் வலப்பக்கம் போலிருக்கும், போனால் இடப்பக்கம். அரைமணி நேரம் தேடினேன். கடைசியில் என் முழங்கைக்குப் பக்கத்து இலையிலேயே இருந்தது, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கத்தும்போது தொண்டைப் பை அதன் உடம்பளவு ஊதியது. பின்னாலிருந்து வந்த முதல் வெளிச்சம் அந்தப் பைக்குள் புகுந்து அப்படியே தெரிந்தது. அதற்கப்புறம் நிறுத்திவிட்டது.

படம் அருமையாக வந்தது. இனம் மட்டும் தெரியாது. தவளை ஆய்வாளர் சி. ஆர். நாராயண் ராவ் பெயரால் 2010ல் அமைத்த ராவோர்கெஸ்டிஸ் என்ற புதர்த்தவளைப் பேரினத்தில் இன்றைக்கு 60க்கு மேல் இனங்கள். பலவற்றைக் கத்தலை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஒரு நிமிஷம் போனில் பதிவு செய்திருக்கலாம். கையில்தான் இருந்தது.

அட்டைக்கடி

எனக்குச் சின்னக் கதைதான். மழையில் ஒரு தவளையைக் கையில் எடுத்தேன், அது துள்ளித் துடித்தது. அதற்கு முன் அட்டைக்காகக் காலில் மூக்குப்பொடி தேய்த்திருந்தேன். அந்தத் துடிப்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன். தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, தோலாலேயே தண்ணீர் குடிக்கிறது. மூக்குப்பொடி, உப்பு, கொசுவிரட்டிக் களிம்பு எது கையில் இருந்தாலும் தொடவே தொடாதீர்கள். சும்மாவும் தொட வேண்டாம். குச்சியால் தட்டி எழுப்பிச் சவ்வைப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஈரக்கால் நின்ற மாதிரி நிற்பதுதான் முறை. ஒரு குளத்தில் இறங்கிய பூட்ஸைக் கழுவிக் காயவைக்காமல் அடுத்த ஓடைக்குப் போகாதீர்கள், தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரத்திலும் சேற்றிலும்தான் பயணம் செய்யும். அளவு வேண்டுமா? தவளை போனபின் அது உட்கார்ந்த இலையை அளந்து படத்தோடு ஒப்பிடுங்கள். படம் மேலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். பக்கவாட்டில் கண்ணும் செவிப்பறையும் தெரிய ஒன்று, விரல்கள் தெரிய ஒன்று. அப்புறம் வால்பாறையில் ஐந்தே முக்காலுக்குத் தனியாக நடப்பது! தேயிலைக்குள் யானை நின்றால் பத்தடியில்கூடத் தெரியாது. உள்ளூர் ஆள் இல்லாமல் போகாதீர்கள், காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் காலே வைக்காதீர்கள்.

கிணத்தடி

நீங்கள் எல்லாம் மலைக்காரர்கள். எங்கள் ஊர் சமவெளி, எங்கள் மரத்தவளை குளியலறைத் தேரைதான். ராத்திரி பழுப்பாகச் சுவரில் இருந்தது. விடிகாலை போனால் அதே இடத்தில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாக ஒன்று. வேறு தவளை என்று நினைத்தேன். அது தாவியபோதுதான் தொடையின் உள்பக்கம் மஞ்சள் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. பாலிபெடேட்ஸ் மாகுலேட்டஸ், ராத்திரி பார்த்த அதே இனம்.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். வீட்டில் கைக்குழந்தை, தேரை விழுந்தால் பிள்ளை இளைத்துப் போகும் என்று துடைப்பத்தை எடுத்தாள். அது ஒன்றும் செய்யாதும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மஞ்சள் புள்ளியை நோட்டில் எழுத உள்ளே ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது வாசலில் கிடந்தது.

ஈரக்கால்

தூறல், முதுகைக் கேட்டீர்களே. பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். 'முதுகு பச்சை, மேலே இலை நரம்பின் நிழல்' என்று எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் அப்போது வரவில்லை. டார்ச்சுக்கும் தவளைக்கும் நடுவில் இலை எதுவும் இல்லை.