தாதி வேலையை விட்டுப் பொதுச் சுகாதார முதுகலை படிக்கலாமா?

கெலுகோர் தாதி
பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். தாதிமையில் இளங்கலைப் பட்டம் உண்டு. வேலையை விட்டுவிட்டு ஓராண்டு முழுநேரமாகப் பொதுச் சுகாதார முதுகலை படிக்க நினைக்கிறேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்மையில் ஒரு லாரி ஓட்டுநருக்குக் கால்கட்டு மாற்றினேன். சப்பாத்துக்குள் ஆணி ஏறியிருக்கிறது. அதோடு நாள் முழுக்க நடந்திருக்கிறார். வலிக்கவே இல்லை. மாலையில் காலுறை நனைந்திருப்பதைக் கண்டு மனைவி கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. இனிப்பு நீர் (நீரிழிவு) பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ கொன்றுவிட்டது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டுப் போடுவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு முந்திய ஆண்டுகளில் யாரும் அவரை எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அம்மா அழுகிறார். அண்ணன் 'உனக்குப் பைத்தியமா' என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாகான் டாலாம்
தங்கச்சி, நான் உங்கள் அண்ணன் பக்கம்தான். மனம் நல்ல மனம். ஆனால் பட்டம் வாங்கிய பிறகு எந்த நாற்காலியில் போய் உட்காருவீர்கள்? மாவட்டச் சுகாதார அதிகாரியாக மருத்துவரைத்தான் போடுகிறார்கள். தேசிய நிபுணர் பதிவேட்டில் பொதுச் சுகாதார நிபுணராகப் பெயர் ஏறுவதற்கும் மருத்துவப் பட்டம் வேண்டும். மருத்துவர்கள் இந்த முதுகலையை முடித்துவிட்டு, அதற்கு மேல் மூன்றாண்டு முனைவர் படிப்பையும் முடிக்கிறார்கள். உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

இன்னொன்று. வீட்டுக்குப் பக்கத்திலேயே யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இருக்கிறது, அம்மா சமையலில் படித்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். அதன் மருத்துவப் பள்ளியும் சமூக மருத்துவத் துறையும் கிளந்தானில், குபாங் கெரியான் வளாகத்தில் இருக்கின்றன. இல்லையென்றால் கோலாலம்பூர் போய் அறை வாடகை கொடுக்க வேண்டும். சம்பளம் நின்றுபோகும், செலவு நிற்காது.

என் மைத்துனி இதே படிப்பைப் படித்தவள். ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்தது. ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி விண்ணப்பம், மறுபடி நேர்காணல். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைத்த மாமியார் இன்னும் பெருமூச்சு விடுகிறார்.

செந்தூல் பெரியவர்
சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளே, படிப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிங்கியை வகுப்பறையில் பிடிக்க முடியாது. அடுக்குமாடி வீடுகளில் படியேறிப் போய், குளிர்பதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டை இழுத்துப் பார்க்க வேண்டும். பூஜை அறைச் சொம்பு, பூச்சட்டித் தட்டு, கூரைத் தகரத்தின் மடிப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். டார்ச் வெளிச்சம் பட்டதும் கொசுப் புழு நெளிந்து கீழே இறங்கும். அதை உறிஞ்சுகுழலில் எடுத்து, வெள்ளைத் தட்டில் விட்டு, வீட்டுக்காரம்மாவின் கண்முன் காட்ட வேண்டும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் அபராதம் எழுத எனக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அபராதச் சீட்டு சாதிக்காததை அந்தத் தட்டு சாதித்தது. எங்கள் அலுவலகத்துக்கு முதுகலைப் பட்டத்தோடு வந்த சிலர் கணினியை விட்டு எழுந்ததே இல்லை.

செராஸ் டாக்டர்
ஐயா, உங்கள் அனுபவத்தின் முன் தலை வணங்குகிறேன். ஆனால் களம் மட்டும் போதும் என்பதை ஏற்க மாட்டேன். நிப்பா வைரஸ் பரவியதை நினைத்துப் பாருங்கள்.

1998-இன் பிற்பகுதியில் பேராக்கில் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக் காய்ச்சலில் விழுந்தார்கள். பிறகு அது நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் பக்கம் பரவியது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, தடுப்பூசி போட்டார்கள், கொசுப் புகை அடித்தார்கள். ஓய்வில்லாமல் உழைத்தார்கள், யாரும் சும்மா இருக்கவில்லை. ஆனாலும் சாவு நிற்கவில்லை.

நோயாளிகளைப் பட்டியலிட்டுப் பார்த்தால் கணக்கு உதைத்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களில் பெரும்பாலோர் பன்றியோடு நேரடியாகப் புழங்கிய ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசு தொழில் கேட்டுக் கடிக்காது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு வந்தது. 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். ஏறத்தாழப் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்ற பிறகே அடங்கியது.

யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை, ஏன் என்று கேட்டு, விடையை எண்ணிக்கையால் நிரூபிக்கும் பயிற்சிதான் நோய்ப்பரவலியல். முதுகலையின் முதுகெலும்பு அது. உயிர்ப்புள்ளியியல் அதற்குத் துணை. தாதிக்கு அது வேண்டாம் என்று யார் சொன்னது?

பாகான் டாலாம்
டாக்டர், வைரஸைக் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடம். நீங்களே மருத்துவர் பெயரைத்தான் சொன்னீர்கள். என் கேள்வி வேறு. இந்தப் பெண் படித்து முடித்த மறுநாள் யார் இவருக்குச் சம்பளம் கொடுப்பார்கள்?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி
நான் மருத்துவர் இல்லை. உணவியல் படித்துவிட்டு இந்த முதுகலை முடித்தவள். பாகான் டாலாம் அண்ணன் சொல்லும் ஒப்பந்த வேலைச் சிக்கல் உண்மை. அதை யாரும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த லாரி ஓட்டுநருக்கு வருகிறேன்.

2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நாம்தான் முதலிடம். அதைவிட என்னைத் தூங்கவிடாதது ஒன்று உண்டு: அந்த 18.3 விழுக்காட்டில் 8.9, அதாவது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. வீடு வீடாகப் போய் விரல்நுனி இரத்தம் எடுத்ததால்தான் இது வெளியே வந்தது. மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணில் இவர்கள் படவே மாட்டார்கள், விரல் அழுகும் வரை.

அதே 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்குக் கலால் வரி வந்தது. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அப்போது லிட்டருக்கு 40 சென். நல்ல சட்டம். ஆனால் அது டின்னிலும் புட்டியிலும் அடைத்து விற்பதற்கு. கடையில் ஆற்றிக் கொடுக்கும் தே தாரேக் என்ற பால் தேநீர் அதில் சிக்காது. நம் லாரி ஓட்டுநர் ஒரு நாளைக்கு எத்தனை குவளை குடித்தார், எந்த நிறுத்தத்தில் குடித்தார், அங்கே வேறு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? அவர் மொழியில் கேட்கத் தெரிந்தவர் வேண்டும். அதை அமைச்சில் ஏற்கும் விதத்தில் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். தங்கச்சிக்கு முதலாவது இருக்கிறது. இரண்டாவதைப் படித்துத்தான் பெற வேண்டும்.

செந்தூல் பெரியவர்
மகளே, இது நியாயம். நான் தட்டில் காட்டிய புழு அந்த ஒரு வீட்டோடு சரி. எந்தக் குடியிருப்பில் மறுபடி மறுபடி வருகிறது என்று வரைபடத்தில் குறித்துக் கொடுக்க எங்களில் ஒருவருக்குப் பயிற்சி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் படித்தவர் படியேறவும் வேண்டும். அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

செராஸ் டாக்டர்
ஐயா, இந்த நாட்டின் பொதுச் சுகாதாரமே நம் தோட்டத்துப் பாட்டன்மார் முதுகில் வளர்ந்தது. கிள்ளானில் மால்கம் வாட்சன் 1901-இல் சதுப்பை வடித்து, காட்டை வெட்டி மலேரியாவைக் குறைத்தார். ஆனால் மலைத்தோட்டங்களில் காட்டை வெட்டினால் மலேரியா கூடியது. அங்கிருந்த கொசு வேறு இனம். வெயில் படும் ஓடைநீரில் வளர்வது. எனவே நிலத்தடிக் குழாயில் நீரைக் கொண்டுபோனார்கள், ஓடையில் எண்ணெய் தெளித்தார்கள். சமவெளி வைத்தியத்தை மலையில் அப்படியே செய்திருந்தால் லயன் வீடுகள் இன்னும் காலியாகியிருக்கும். களமும் கணக்கும் ஒரே ஆளிடம் இருந்ததால் பிழைத்தவர்கள் அவர்கள்.

கெலுகோர் தாதி
எல்லோருக்கும் நன்றி. படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். பாகான் டாலாம் அண்ணன் பேச்சைத் தட்டவில்லை. மருத்துவமனையில் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பார்க்கிறேன், கிடைக்காவிட்டால்தான் ராஜினாமா. டாக்டர், விண்ணப்பிக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

பாகான் டாலாம்
விடுப்பு கேட்பது நல்லது. ஆனால் ராஜினாமா வேண்டாம் என்ற என் பேச்சில் மாற்றமில்லை, தங்கச்சி. பகுதிநேரப் படிப்பு கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

செராஸ் டாக்டர்
சேர்க்கை விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். மருத்துவர் அல்லாதவரைச் சேர்ப்பார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆய்வேடுதான் ஓராண்டில் கழுத்தைப் பிடிக்கும். நோயாளிகளிடம் கேள்வி கேட்க வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும்; அது வரும்வரை ஒரு தாளையும் நிரப்ப முடியாது. கால்புண்ணோடு தாமதமாக வருபவர்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்பதே தலைப்பாக இருக்கட்டும். இரண்டு பக்கம் எழுதி இங்கே போடுங்கள். நானும் பார்க்கிறேன், பெரியவரும் பார்ப்பார்.