ஜெர்மனிக்கு எந்த இனிப்பு அனுப்பலாம்?

ஜெர்மனியில் படிக்கும் என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது, வீட்டுக்கார அம்மாதான் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். அவருக்கு நம்ம ஊர் இனிப்பு அனுப்ப வேண்டும்.

நான் இருப்பது சாத்தூர். முதலில் நினைத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனிநபர் பார்சலில் பால் பொருள் போகக் கூடாதாம். நெய் இருப்பதால் அல்வாவையும் விட்டுவிட்டேன். கோவில்பட்டி கடலைமிட்டாய் நாள்பட இருக்கும், ஆனால் அவர் பேரனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. அதில் துணியவே மாட்டேன். தூத்துக்குடி மக்ரூன் தொட்டாலே நொறுங்கும், முட்டை வேறு. கருப்பட்டி மிட்டாயை வீட்டில் வைத்துப் பார்த்தேன், ஒரு வாரத்தில் பிசுபிசுத்துவிட்டது. பார்சல் போய்ச் சேர இரண்டு மூன்று வாரம் ஆகுமாம்.

பால், நெய், முட்டை, வேர்க்கடலை இல்லாமல் அவ்வளவு நாள் தாங்குகிற இனிப்பு எது?