அம்மாச்சி பாட்டும் கோணம் வானொலியும்: பழைய கேசட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா வீட்டுப் பரணில் ஒரு கேசட் கிடைத்தது. மேலே பென்சிலில் 'அம்மாச்சி பாட்டு, ரேடியோ' என்று எழுதியிருந்தது. நாகர்கோவில் வானொலிக்காரர்கள் டேப் ரெக்கார்டரோடு நம் வயற்கரைக்கே வந்து பதிவு செய்த நடவுப் பாட்டு அது. ஒலிபரப்பானபோது சித்தப்பா கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். பாட்டின் நடுவே காகம் கத்துகிறது. முடிந்ததும் அம்மாச்சி, "போதுமா மக்களே?" என்று கேட்கிறாள். அதையும் வெட்டாமல் அப்படியே போட்டிருக்கிறார்கள். அவள் போய் இருபது வருடம் ஆகிறது. அந்த இரண்டு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நம் பிள்ளைகளுக்கு இந்த நிலையத்தின் அருமை தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நம்முடையதுதான். 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவில் கோணத்தில் தொடங்கினார்கள். மறுநாளே டெல்லியில் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே துக்கத்தில் இருந்ததால், புது நிலையம் வந்ததைப் பற்றி நம் தெருவில் அப்போது பேச்சே எழவில்லை.

அதுவரை நமக்குத் திருவனந்தபுரம் உண்டு, திருநெல்வேலி உண்டு, ராத்திரியானால் இலங்கை வானொலி உண்டு. 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், ரேடியோவில் நம் கன்னியாகுமரி மாவட்டம் இரண்டு ஊர்களுக்கு நடுவில்தான் கிடந்தது. ஒரு சின்ன உதாரணம். திருநெல்வேலிப் பக்கம் நெல் பருவம் என்றால் கார், பிசானம். நமக்கோ கன்னிப்பூ, கும்பப்பூ. அவர்கள் சாகுபடிக்குச் சொல்லும் யோசனை நம் வயலுக்கு நாள் கணக்கில் பொருந்தாது. கோணத்திலிருந்து முதல்முறை 'கும்பப்பூ' என்ற சொல் ரேடியோவில் வந்தபோது பாட்டா நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு சொல்தான், ஆனால் நம்மிடம் பேசுகிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ஒரே சிக்கல், இந்த நிலையம் எஃப்எம்மில் வந்தது. ஊரில் இருந்த பெட்டிகளில் பெரும்பாலும் மீடியம் வேவும் ஷார்ட் வேவும் மட்டும்தான். கல்ஃபிலிருந்து வந்த டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டி) இருந்த வீட்டுத் திண்ணையில் மற்றவர்கள் போய் உட்கார்ந்தோம். ஏரியலை முழுசாக இழுத்து, முள்ளை 101-இல் நிறுத்தினால் அப்படி ஒரு தெளிவு! ஐப்பசி இடிமழையில் மீடியம் வேவ் கரகரவென்று பொரியும், இதில் அந்தத் தொல்லை கிடையாது. மலையடிவாரத்து வீடுகளில் மட்டும் சரியாக எடுக்காது. எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, குறுக்கே குன்று நின்றால் அடிபட்டுப் போகும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாட்களில் வில்லுப்பாட்டு, களியல் என்னும் கோலாட்டப் பாட்டு, கரமடி வலையைக் கரைக்கு இழுக்கும்போது பாடும் பாட்டு என்று நம் ஆட்கள் பாடியதை உங்கள் வீட்டிலும் யாராவது ரேடியோவிலிருந்து பிடித்து வைத்திருப்பார்கள். டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் தயவுசெய்து பரணையும் அலமாரியையும் ஒரு தடவை பாருங்கள். கிடைத்தால் உடனே போட்டுப் பார்க்க வேண்டாம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் ஓட்டும்போது அறுந்துவிடும், பிளேயரும் கெடும். ஸ்பீக்கர் பக்கத்திலும் வெயில் படும் காருக்குள்ளும் வைக்காதீர்கள். ஒரு காகிதத்தில் யார் குரல், எந்த வருடம் என்று தெரிந்தவரை எழுதிச் சேர்த்து வையுங்கள். நல்ல பிளேயர் ஒன்று என்னிடம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முதல் பத்து நாள் ஊரில் இருப்பேன். வீடு வீடாக வந்து, உங்கள் கண் முன்னாலேயே கணினியில் ஏற்றிவிட்டுக் கேசட்டைத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

யார் குரல் என்று தெரியாத கேசட்டையும் ஒதுக்கிவிடாதீர்கள். மேலத்தெருப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினால் பெயர் சொல்லிவிடுவார்கள்.